ரெண்டும் சைபர்

சைபர் என்று ரெய்யோ சொன்னதும் கை தட்டினார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்கிறவன் சொல்லிவிட்டுப் போகட்டும், கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று?

ஹர்மாவாரா நகராட்சியின் தொழில்நுட்பக் குழுவில் நான் ஓர் உறுப்பினர். பெயர் ஹில்க்கா. பிழைப்புக்குப் பள்ளிக்கூட டாக்ஸி ஓட்டுகிறேன். குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டது வாய் இருக்கிறது என்பதற்காக, அன்றிலிருந்து எல்லாரும் வருத்தப்படுவதும் அதே வாய்க்காகத்தான்.

ஊருக்கு வடக்கே பழைய குப்பைமேடு இருக்கிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து அத்தனை பேரும் கொட்டியது அங்கேதான்: பெயிண்ட் டப்பா, டிராக்டர் எண்ணெய், பேட்டரி, செத்த பன்றி, என்னென்னவோ. இப்போது கொட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. மேட்டின் அடிவாரத்தில் ஓர் ஊற்று. எங்கள் வீட்டையும் சேர்த்து ஆறு வீடுகளுக்குக் குடிதண்ணீர் அதுதான். மேட்டுக்குள் மழையும் பனியுருகலும் இறங்கினால் அந்தக் கசடு எங்கே வரும் என்று சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம். ஆகவே மேட்டுக்கு மேல்மூடி போட வேண்டும், இந்தக் கோடையிலேயே.

எந்த மூடி? அங்கேதான் சண்டை. புது விளையாட்டரங்கத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மலைமாதிரி களிமண் வந்தது. அது நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரிலேயே குவிந்து கிடக்கிறது. தொழில்நுட்ப அதிகாரி ரெய்யோவுக்கு அந்தக் குவியலைப் பார்த்தாலே தலைவலி. அதை எடுத்து மேட்டின்மேல் போட்டு அமுக்கிவிட்டால் ஒரே கல்லில் இரண்டு வேலை முடிந்துவிடும். இன்னொரு வழி, கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, உறைபனி அதைத் தொடாதபடி மேலே கனமாக மண்ணைப் பரப்புவது.

எது தண்ணீரைத் தடுக்கிறது என்று பார்க்க, போன கோடையில் மேட்டின் ஓரத்தில் இரண்டு சோதனைத் துண்டுகள் போட்டார்கள். ஒன்றில் களிமண், ஒன்றில் விரிப்பு. இரண்டுக்கும் அடியில் குப்பை மண்ணுக்குள் அகலமான ஏந்துதட்டு. மூடியைத் தாண்டிக் கசிகிற தண்ணீர் தட்டில் விழும், குழாய் வழியாகக் கீழே தகரக் கொட்டகையில் இருக்கிற தொட்டிக்கு வரும். அங்கே ஒரு கருவி அதை அளந்து, ஓளு நகரத்தில் இருக்கிற மின்த்துவுக்குத் தானாகவே அனுப்பிவிடும். மின்த்து பரிசோதனைக் கம்பெனியின் பொறியாளர். சின்ன வயது, நல்ல பெண், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

ஆகஸ்டில் தீயணைப்பு வண்டி வந்து இரண்டு துண்டுகளிலும் தண்ணீர் அடித்தது. களிமண் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. கோடையில் அது ஏன் விடப்போகிறது? எங்கள் ஊரில் நிலம் ஓர் ஆள் உயரத்துக்கு உறையும். உறைந்து உப்பி, உருகி வெடித்தபிறகு அந்தக் களிமண் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி. பனியெல்லாம் ஒரேயடியாக உருகுகிற ஏப்ரலில் மேட்டுப் பாதை சேறாகிவிடும், வண்டி ஏறாது. ஆகவே மின்த்து வரவில்லை. கருவி அனுப்பிய எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதத் தொடக்கத்தில் ரெய்யோ குழுவைக் கூட்டினான். சுவரில் படம் போட்டுக் காட்டினான்.

"களிமண், சைபர். விரிப்பு, சைபர். ரெண்டும் சைபர்! நம்ம ஊர் களிமண்ணுக்கு ஒரு கைத்தட்டு கொடுங்க."

கொடுத்தார்கள். கையில் ஏலக்காய் பன் வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டுக் கொடுத்தார்கள்.

மின்த்து மட்டும் தட்டவில்லை. "எனக்கு இது சரியாப் படல. விரிப்புலகூட கொஞ்சமாவது வரணும். சைபர்னு ஒண்ணு நான் எங்கயும் பாத்ததில்ல" என்றாள்.

"எங்க ஊரைப் பாத்ததில்லையே நீ" என்று ரெய்யோ சிரித்தான். "பாதை காஞ்சப்புறம் போய்த் தொட்டியை நீயே எட்டிப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"ஈரமா இருந்துச்சா?"

"காஞ்சிருந்துச்சு."

"அப்புறம் என்ன!"

"மண்ணாங்கட்டி!" என்றேன் நான். "அவ சரியில்லைன்னு சொல்றா, நீ ஏன் அதை விசாரிக்க மாட்டேங்கற?"

"மண்ணாங்கட்டியேதான் ஹில்க்கா, நல்ல தரமான மண்ணாங்கட்டி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டெடுப்பைத் திங்கட்கிழமைக்கு வைத்தார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த வேகத்துக்கு என் உரிமத்தைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

வீட்டில் என் புருஷன் தைஸ்தோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தைஸ்தோ என்றால் எங்கள் மொழியில் போராட்டம். பெயர் வைத்தவர்கள் ஆளைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். நகராட்சியில் பராமரிப்பு வேலை. பள்ளிக்கூடம், படகுத்துறை, குப்பைமேடு, எல்லாவற்றின் சாவியும் அவரிடம்தான். நான் நடந்ததையெல்லாம் கத்திச் சொன்னேன். "ம்" என்றார். இன்னும் கொஞ்சம் கத்தினேன். "ம்" என்றார். இந்த ஊமைக்கோட்டானோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் சவுனாவில், எங்கள் நீராவிக் குளியலறையில், மட்டும் பேசுவார். அந்தச் சூட்டில் அவர் நாக்கும் உருகும் போலிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் விறகு போட்டுக் கற்களைச் சுட வைத்திருந்தோம். மேல் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் கற்களின்மேல் ஒரு கரண்டி தண்ணீரை விட்டேன். ஆவி எழுந்தது.

"ஏரியில பனி உடைஞ்சிடுச்சு" என்றார்.

"உடையட்டும்."

"திங்கக்கிழமை படகை இறக்கணும். அப்படியே குழாய்களையும் திறந்து விட்டுடணும். நம்ம ஏரிக் குடில், பள்ளித் தோட்டம், படகுத்துறை, மேடு."

நான் இன்னொரு கரண்டி தண்ணீரை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"மேட்டுல என்னய்யா குழாய்?"

"கொட்டகையில ரெண்டு இருக்கே. மஞ்சத் திருகு போட்டது."

"அது... மூடியா இருக்கு?"

"அக்டோபர்ல மூடினேன்."

"ஏன்?"

என்னைப் பார்த்தார். உறைபனி வருவதற்கு முன் குழாயை ஏன் மூடினாய் என்று கேட்கிற பெண்ணை இந்த ஊரில் அவர் பார்த்ததே இல்லை. "மூடலைன்னா வெடிச்சிரும்ல" என்றார். பிறகு கொஞ்சம் பெருமையோடு, "ஒண்ணுகூட வெடிக்கல" என்றார்.

கரண்டியைத் தூக்கி எறிந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, துண்டைச் சுற்றினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, முற்றத்தில் நின்று கத்தினேன். "யோவ்! மூடின குழாயில சைபர் வராம வேற என்னய்யா வரும்! அத்தனை பேரும் கை தட்டினாங்கய்யா! நீ மூடின குழாய்க்குக் கை தட்டினாங்க!" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதற்காவது விஷயம் புரிந்தது.

தைஸ்தோ ஆவி பறக்க வாசலில் வந்து நின்றார். அவருக்கு மெதுவாக உறைத்தது. முகம் வெளுத்துப்போய்விட்டது.

"ரெய்யோதான் சொன்னான்" என்றார்.

"என்னன்னு சொன்னான்?"

"மேட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் பண்ணிடுன்னான்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டால் குழந்தைகூட என்ன செய்யும் தெரியுமா? படகைக் கவிழ்க்கும், தண்ணீரை வடிக்கும், குழாயை மூடும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஒவ்வொரு குடிலிலும் நாங்கள் செய்கிற காரியம் அது. மின்த்து அந்தக் குழாய்களில் சூடேற்றும் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறாள், அவை குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும் என்று ரெய்யோவிடம் சொல்லியும் இருக்கிறாள். இவன் போனில் நாலு வார்த்தையில் முடித்துவிட்டான். இவரோ திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைஸ்தோமேல் எரிந்தது, ரெய்யோமேல் அதற்குமேல் எரிந்தது.

தலையைத் துவட்டக்கூட இல்லை, ரெய்யோவுக்குப் போன் போட்டேன். சொல்லி முடித்தேன்.

"சோதனை முடிஞ்சிடுச்சு ஹில்க்கா."

"என்ன முடிஞ்சிடுச்சு? நடக்கவே இல்லையே! குழாய் மூடியிருந்துச்சுய்யா!"

"தட்டுல தண்ணி நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? ஒருவேளை நிஜமாவே வராம இருந்திருக்கலாம்."

"திறந்து பாத்தாத் தெரிஞ்சிடும்."

"யாரும் எதையும் திறக்க வேணாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "யோசிச்சுப் பாரு. சோதனையைக் கெடுத்தது யாருன்னு கேட்பாங்க. தைஸ்தோ ஓய்வு பெறப்போற நேரம். அவன் பேரை நீயே இழுத்துத் தெருவுல விடணுமா?"

"நீதானே அவர்கிட்ட சொன்னே!"

"நான் எங்க குழாயை மூடச் சொன்னேன்? தயார் பண்ணச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டேன். இல்லையென்றால் அதைச் சுவரில் அடித்திருப்பேன். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள், என் பின்னலைப் பிடித்து இழுத்தவன், என் கல்யாணத்தில் குடித்துவிட்டு மேசைமேல் ஏறி ஆடியவன். இப்போது என் புருஷனை முன்னே நிறுத்தி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

தைஸ்தோ அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சமையல் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நாளன்னைக்குக் கூட்டத்துல நான் சொல்லத்தான்யா போறேன்" என்றேன். "உன் பேரும் அடிபடும். என்னை என்ன பண்ணச் சொல்றே? ஆறு வீட்டுத் தண்ணிய்யா."

"சொல்லு" என்றார். வெளியே போய்ப் படகுக்குத் தார் பூச ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை கூட்டம். தலைமை ஐரா, முன்னாள் மருத்துவச்சி, ஊரில் பாதிப் பேரை அவள்தான் வெளியே இழுத்துப் போட்டாள். காப்பி ஊற்றியாயிற்று. நான் எழுந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். குழாய் மூடியிருந்தது, மூடியது என் புருஷன், அப்படிப் புரிந்துகொள்ளும்படி சொன்னது ரெய்யோ, ஆகவே இந்தச் சைபருக்கு ஒரு மதிப்பும் இல்லை, குழாயைத் திறந்து பார்க்காமல் ஓட்டுப் போடக்கூடாது.

எல்லாரும் காப்பியைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் சங்கடம் வந்தால் காப்பியைப் பார்ப்பது வழக்கம்.

ரெய்யோ எழுந்தான். "உறுப்பினர் சொல்றதைக் கேட்டோம். ஆனா ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. உங்க கணவர் இந்த விஷயத்துல சம்பந்தப்பட்டவர்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப உங்களுக்கு இதுல சொந்த ஈடுபாடு வந்துடுது. நீங்க ஓட்டுப் போடவும் முடியாது, விவாதத்துல உக்காரவும் முடியாது. தயவுசெஞ்சு வெளியில இருங்க."

நீங்க! அவன் என்னை 'நீங்க' என்றான். எங்கள் ஊரில் கடைக்காரரும் பாதிரியாரும் மேயரும் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். 'நீங்க' என்றால் செருப்பால் அடிப்பதற்குச் சமம்.

"இது அநியாயம்!" என்றேன். "உண்மையைச் சொன்னதுக்கு வெளிய போகணுமா? மறைச்சிருந்தா உக்காந்திருக்கலாமா?"

ஐரா சங்கடத்தோடு சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஹில்க்கா... சட்டம் அப்படித்தான் இருக்கு."

போனேன். வேறென்ன செய்ய? நடைவழியில் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு அடியில், குழந்தைகள் பூட்ஸ் போட உட்காருகிற குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே அந்தக் களிமண் குவியல் தெரிந்தது. பனிக்காலம் முழுக்க வெட்டவெளியில் கிடந்து, மேலெல்லாம் கை நுழைகிற அளவு வெடித்துப் போயிருந்தது. அதைத் தாண்டித்தான் அத்தனை பேரும் கூட்டத்துக்கு வந்தார்கள். ஒருத்தருக்குமா கண் இல்லை? உள்ளே ரெய்யோவின் குரல் கேட்டது. சைபர், சைபர் என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை அது, அதற்குக் கைக்குட்டையும் போதாது.

வாசல் கதவு திறந்தது. தைஸ்தோ வந்தார். இடுப்புவரை சேறு. கையில், எங்கள் படகில் தண்ணீர் மொள்ளுகிற தகர டப்பா. பின்னால் மின்த்து, அவளும் முழங்கால்வரை நனைந்திருந்தாள்.

"எங்கய்யா போயிருந்தே?"

தொப்பியைக் கழற்றினார், கூட்ட அறைக் கதவைத் திறந்தார், உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

"கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு தைஸ்தோ" என்றான் ரெய்யோ.

"மூடினது நான்" என்றார் தைஸ்தோ.

"அது தெரிஞ்ச விஷயம். அதைத்தான் நாங்களும்..."

"சொன்னது நீ."

தைஸ்தோ நகராட்சிக் கூட்டத்தில் வாய் திறப்பதை இந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"காலைல இந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன்" என்றார். போனைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் விலகுகிற மனுஷன்! "அவ முன்னாடிதான் திறந்தேன்."

"தண்ணி வந்துச்சா?" என்று ஐரா கேட்டாள்.

"விரிப்புப் பக்கம் வந்துச்சு. ஒரு காப்பிக் கெட்டில் இருக்கும்."

"களிமண் பக்கம்?"

தைஸ்தோ தொப்பியைத் திருகினார். "தொட்டி நிரம்பிடுச்சு. வழிஞ்சா ஊத்துப் பக்கம் போயிடும்ல. அதான் தொட்டிக்குக் கீழ படகை வெச்சேன்."

"எந்தப் படகை?"

"நம்ம படகுதான்."

அந்தப் படகை அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒவ்வொரு நடுக்கோடைத் திருவிழாவுக்கும் அதில் ஏறித்தான் தீவுக்குப் போவார்கள், பீர்ப் பெட்டியோடு ரெய்யோ உட்பட.

"படகுல எவ்வளவு இருக்கு?" ஐராவின் குரல் இறங்கிவிட்டது.

"இந்நேரம் நிரம்பியிருக்கும்."

"பழுப்பா இருக்கு. பேட்டரி நாத்தம் அடிக்குது" என்றாள் மின்த்து. "களிமண் முழுக்க வெடிச்சிருக்கு. பனிக்காலம் பூரா அந்தத் தண்ணி தட்டுக்குள்ளயே நின்னிருக்கு. கழிவு லாரிக்குச் சொல்லியிருக்கேன், சாயங்காலம்தான் வருமாம்."

ரெய்யோ எழுந்து நின்றுவிட்டான். முகம் சிவந்திருந்தது. "அதை ஏன் ஓட விட்டுட்டு வந்தீங்க? போய் மூடு! உடனே போய் மூடு தைஸ்தோ!"

தைஸ்தோ அவனை நிதானமாகப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் அப்போதுதான் பார்த்தேன். குரல் ஏறவே இல்லை.

"முடியாது" என்றார். "திருகை உடைச்சுட்டேன்."

பையிலிருந்து அந்த மஞ்சள் திருகை எடுத்து, ரெய்யோவின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு திருகுகள். இரண்டையும் உடைத்திருந்தார்.

ஐரா சட்டப் புத்தகத்தை மூடினாள். "ஹில்க்கா, நீ அங்கயே இரு. சட்டம் சட்டம்தான். ஆனா கதவு திறந்தே இருக்கட்டும்" என்றாள். பிறகு களிமண்ணுக்கு ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னாள். நான் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு கையும் எழவில்லை. மறுபடியும் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கை தட்டியவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது, சாகும்வரை இருக்கும்.

விரிப்புக்கு எல்லாக் கையும் எழுந்தது. தைஸ்தோ வெளியே வந்து என் பக்கத்தில் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சேற்று வாடையும் அந்தப் பேட்டரி நாற்றமும் அடித்தது. "வேலை போயிடுமாய்யா?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "போட்டும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஊமைக்கோட்டான் கையைத்தான்.

ரெய்யோ கோட்டை எடுக்க வந்தான். எங்கள் தலைக்கு மேல்தான் அவன் கொக்கி. எட்டி எடுக்க எங்கள்மேல் குனிய வேண்டியிருந்தது, குனிந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் தைஸ்தோவின் கையிலிருந்த தகர டப்பாவை வாங்கி அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன்.

"என்ன இது?" என்றான்.

"லாரி சாயங்காலம்தான் வருமாம். அதுவரைக்கும் படகுத் தண்ணியை யாராவது மொண்டு பீப்பாயில ஊத்தணும்ல."

"நானா?"

"வேற யாரு? என்ன பெரிசா நேரமாகிடப் போகுது ரெய்யோ" என்றேன். "சைபர்தானே."